முதலில் மணல், பிறகு பந்து!



இந்த வாரம் உங்களோடு ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"வாத்தியார் விளையாட்டைப் பற்றியா பேசப் போகிறார்?" என்று சிரிக்காதீர்கள். நான் 33 வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவன். விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கி, திருப்பித் தராத வாத்தியார்களில் நானும் ஒருவன். அந்தக் கடனை இப்போது பேரன் பேத்தியோடு விளையாடி அடைத்துக்கொண்டிருக்கிறேன்!

போன கோடை விடுமுறையில் என் மகன் பிள்ளைகளுக்காக ஒரு கூடைப்பந்துக் கம்பம் வாங்கி வந்தான். மைதானத்தில் சிமென்ட் போட்டு நட்டு வைத்திருப்பார்களே, அது இல்லை. சக்கரம் வைத்தது. வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் அடிப்பெட்டி, அதன் மேல் இரும்புக் கம்பம், உச்சியில் பலகை, வளையம், வலை. எல்லாம் தனித்தனித் துண்டுகளாக அட்டைப் பெட்டியில் வரும். நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பம் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அன்று நடந்தது

மாலை ஐந்து மணி. மகனும் நானும் வியர்க்க விறுவிறுக்கக் கம்பத்தைப் பூட்டி முடித்து நிமிர்த்தினோம். வளையத்தை ஏழு அடி உயரத்தில் வைத்தோம். அடிப்பெட்டிக்குள் மணல் நிரப்ப வேண்டும். அதற்காக மகன் வீட்டுப் பின்புறம் போனான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு.

பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, ஒரே ஒரு பந்து! ஒண்ணே ஒண்ணு!"

தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கோலம் போட்டுக்கொண்டிருந்த பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பெட்டியில் வந்த தாளை அவள்தான் எங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னவள். "தாத்தா, நிரப்பாம விளையாடக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கே" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சும்மா இரு. பெரியவங்க பார்த்துக்கிறோம்." சொல்லிவிட்டுக் கம்பத்திலிருந்து கையையும் எடுத்துவிட்டேன்.

அவள் முகம் வாடிப்போனது. சாக்பீஸை வைத்துவிட்டு அவள் ஆச்சியிடம் போய்விட்டாள்.

பேரன் பந்தை எறிந்தான். பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடக் குதித்தான். கைக்கு வலை எட்டியது. பிடித்து இழுத்தான். அவ்வளவுதான்! கம்பம் முன்பக்கமாகச் சாய்ந்தது. நான் பதறிப் பிடிப்பதற்குள் தடாரென்று விழுந்தது. பையன் பக்கவாட்டில் துள்ளி விலகிவிட்டான். பலகையின் விளிம்பு குரோட்டன்ஸ் தொட்டியில் பட்டு, தொட்டி இரண்டாகப் பிளந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், பேத்தி பாதி போட்டு வைத்த கோலத்தின் மேலேயே பலகை கிடந்தது.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, பையன் மேலும் குற்றம் இல்லை. சரியாகச் சொன்ன பிள்ளையைச் "சும்மா இரு" என்று அடக்கிய என் மேல்தான் குற்றம். மறுநாள் காலையில் பேத்தியைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, தாத்தா சொன்னது தப்பு" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

ஏன் விழுந்தது?

இது மந்திரம் இல்லை, கணக்கு. சீசா பலகையில் ஆடியிருக்கிறீர்கள் அல்லவா? நடுக்கட்டைக்கு அருகே உட்கார்ந்தால் உங்கள் பக்கம் எளிதில் இறங்காது. நுனிக்குப் போனால் சட்டென்று இறங்கும். எடை மட்டும் முக்கியம் இல்லை, நடுக்கட்டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

கூடைப்பந்துக் கம்பமும் அப்படித்தான். அடிப்பெட்டியின் முன் விளிம்புதான் நடுக்கட்டை. வளையம் அந்த விளிம்பைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ எடையுள்ள பையன் அதில் தொங்கினால் 30 × 60 = 1,800. இது கவிழ்க்கும் பக்கம்.

மறுபக்கம் அடிப்பெட்டி. காலிப் பெட்டி 10 கிலோ, அதன் நடுப்பகுதி விளிம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் பின்னால் என்றால், 10 × 50 = 500. இது தாங்கும் பக்கம். 500 எங்கே, 1,800 எங்கே! கவிழாமல் என்ன செய்யும்?

அதே பெட்டியில் 100 லிட்டர் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பெட்டியோடு சேர்த்து 110 கிலோ. 110 × 50 = 5,500. இப்போது கம்பம் ஊன்றி நிற்கும்.

"அப்படியானால் நிரப்பிய பிறகு தொங்கலாமா, ஐயா?" என்று ஒரு கெட்டிக்காரன் கேட்பான். கூடாது! சும்மா தொங்குவது வேறு, குதித்துப் பிடித்து ஊஞ்சல் ஆடுவது வேறு. ஆடும்போது இழுவை பல மடங்காகும். தவிர, கம்பம் நின்றாலும் வளையம் பிய்ந்து வரலாம். வளையம் நின்றாலும் கை வழுக்கி, முதுகும் பின்தலையும் தரையில் மோத விழலாம். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்கள் வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறார்களே என்றால், அந்த வளையம் அதற்கென்றே செய்தது. அழுத்தினால் மடங்கி, விட்டால் திரும்பும் ஸ்பிரிங் வைத்தது. நம் வீட்டு வளையம் அப்படிப்பட்டதல்ல.

கூடை வந்த கதை

இந்த விளையாட்டே ஓர் ஆசிரியர் கண்டுபிடித்ததுதான்! கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். 1891 டிசம்பர். வெளியே கடுங்குளிர். மாணவர்கள் உள்ளேயே அடைந்து கிடந்து சலித்துப்போனார்கள். கூடத்துக்குள் ஆடக்கூடிய, முட்டி மோதி அடிபடாத ஒரு விளையாட்டு வேண்டும் என்று யோசித்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்த இடம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றுவரை பெரியவர்கள் ஆட்டத்தில் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்! பந்து கூடைக்குள் விழுந்தால் ஒருவர் ஏணியில் ஏறி எடுத்துத் தர வேண்டியிருந்தது.

அவர் எழுதிய விதிகள் 13. பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, இடிக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. யாருக்கும் அடிபடக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த விளையாட்டு இது என்பதை மறக்காதீர்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டபோது, நெய்ஸ்மித் அதை நேரில் பார்த்தார். தான் கண்டுபிடித்த விளையாட்டை ஒலிம்பிக்கில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

நெய்ஸ்மித் பாடம் நடத்திய அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர்தான் ஹாரி குரோ பக். அவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர்ப் பள்ளிகளில் விசில் ஊதிய பல பி.டி. ஆசிரியர்கள் அங்கே பயின்றவர்கள்தான்.

பூட்டும் வேலையில் உங்கள் பங்கு

"குழந்தைகள் தள்ளிப் போங்கள், பெரியவர்கள் பூட்டி முடித்ததும் வாருங்கள்" என்று சொல்வது தவறு என்பது என் கருத்து. கம்பத்தைப் பூட்டும்போது பக்கத்தில் இருந்த பிள்ளைக்குத்தான் எந்த நட்டு எதைத் தாங்குகிறது என்று தெரியும். தெரிந்த பிள்ளை அதில் தொங்காது.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியவை இவை. பெட்டியைப் பிரித்ததும் ஒரு பழைய பாயை விரித்து, எல்லாத் துண்டுகளையும் அதில் பரப்புங்கள். தாளில் உள்ள பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நட்டு, போல்ட், வாஷர் ஆகியவற்றை அளவு வாரியாகப் பிரித்து இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வையுங்கள். ஒன்றுகூட உருண்டு ஓடாது! (அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை முடிந்ததும் கழுவிக் கொடுங்கள்.) ஒரு துண்டு குறைந்தாலும் "பரவாயில்லை" என்று பூட்டக் கூடாது. கடையில் கேட்டு வாங்கிய பிறகுதான் மேலே போக வேண்டும்.

அடுத்து, தாளை ஒருவர் உரக்கப் படியுங்கள். ஆங்கிலம் புரியாத இடத்தில் படத்தைப் பாருங்கள், பெரியவர்களைக் கேளுங்கள். தாளில் உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கம்பம் இரண்டு மூன்று குழாய்களாக இருக்கும். ஒன்று மற்றொன்றுக்குள் குறி போட்ட இடம்வரை முழுதாக இறங்க வேண்டும். அரைகுறையாக நின்றால் பிறகு ஆடும்.

ஸ்பேனர் பிடித்து முடுக்குவது, பலகையைத் தூக்குவது, கம்பத்தை நிமிர்த்துவது ஆகிய மூன்றும் பெரியவர்கள் வேலை. குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். நிமிர்த்தியதும் ஒருவர் கம்பத்தைப் பிடித்தபடியே நிற்க, மற்றவர் அடிப்பெட்டியை நிரப்ப வேண்டும். முழுதாக நிரம்பும்வரை பிடித்த கையை எடுக்கவே கூடாது. என்னைப் போல எடுத்துவிடாதீர்கள்!

தண்ணீரா, மணலா?

இரண்டையும் நிரப்பலாம். மணல் தண்ணீரைவிடக் கனம். 100 லிட்டர் கொள்ளும் பெட்டியில் உலர்ந்த மணல் சுமார் 150 கிலோ பிடிக்கும். பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டால் தண்ணீர் நமக்குத் தெரியாமலே ஒழுகிப் போய்விடும், மணல் அப்படிப் போகாது. ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்தால் புனல் தயார். சலித்த, காய்ந்த மணலை அதன் வழியே போடலாம். பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு மாலை ஆயிற்று.

தண்ணீர் நிரப்புகிறவர்கள் மூடியை இறுக்கி மூட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே! மூடி திறந்து கிடந்தால் விளையாட்டுச் சாமான் கொசுப் பண்ணையாகிவிடும். வாரம் ஒருமுறை பெட்டியைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் அன்று விளையாட்டு கிடையாது.

எங்கே வைப்பது?

தரை சமமாக இருக்க வேண்டும். மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டவே வேண்டாம். நீளமான இரும்புக் கம்பத்தை நிமிர்த்தும்போது கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவிலும் வேண்டாம். பந்தின் பின்னால் ஓடும் பிள்ளைக்குப் பந்து மட்டும்தான் தெரியும், மோட்டார் சைக்கிள் தெரியாது.

மொட்டை மாடி? நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே காற்று அதிகம். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் எட்டிப் பார்க்கத் தோன்றும், ஏறிப் பார்க்கத் தோன்றும். அந்தப் பந்தை விட உங்கள் உயிர் பெரிது.

வாசலில் இடம் இருந்தால் அங்கேயே வையுங்கள். கிணறு, தொட்டி மூடி, கூர்முனை வைத்த கேட், ஜன்னல் கண்ணாடி எல்லாம் தள்ளி இருக்கட்டும். துணி காயும் கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆடுங்கள். அது சரியாகக் கழுத்து உயரத்தில்தான் இருக்கும்! புயல் எச்சரிக்கை வந்தால், பெரியவர்களிடம் சொல்லிக் கம்பத்தைப் படுக்க வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஆடும்போது

மோதிரம், சங்கிலி, வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வலையிலோ கொக்கியிலோ மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலுக்கே ஆபத்து. முகத்தை வலைக்கு அருகே கொண்டு போகாதீர்கள். வலையில் பல் சிக்கும். ஸ்டூல், நாற்காலி போட்டு ஏறிப் பந்தைத் திணிக்காதீர்கள். செருப்புப் போட்டு ஆடாதீர்கள், ஷூ போடுங்கள். தரை ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருங்கள். பந்து மேலே மாட்டிக்கொண்டால் இன்னொரு பந்தை எறிந்தோ ஒட்டடைக் குச்சியாலோ தட்டிவிடுங்கள். குதித்து வலையை இழுக்காதீர்கள். கம்பத்தை நகர்த்துவதும் வளையத்தை ஏற்றி இறக்குவதும் பெரியவர்கள் செய்யட்டும். அப்போது யாரும் பலகைக்கு அடியில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. வளையத்தைத் தாழ்வாக வைத்து ஆடுவது கேவலம் என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. 12 வயது வரை உள்ளவர்களுக்கென்று "மினி கூடைப்பந்து" என்றே ஒரு விளையாட்டு உண்டு. அதில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர்தான். அதாவது சுமார் எட்டரை அடி. பந்தும் சிறியது, 5-ம் எண் பந்து. உயரத்துக்கு மீறி எறிந்தால் தோள் வலிக்கும், எறியும் முறையும் கெட்டுப்போகும். வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பெரிய பந்தின் குறுக்களவே ஏறக்குறைய 24 சென்டிமீட்டர்தான். கிட்டத்தட்ட இரண்டு பந்து அகலத்துக்கு வாசல் திறந்திருக்கிறது! முறையாக எறியப் பழகினால் பந்து தானாக உள்ளே போகும்.

பெண் பிள்ளைகளே, "இது அண்ணனுக்கு வாங்கியது" என்று ஒதுங்காதீர்கள். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கே தலைமை தாங்கியவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். எங்கள் வீட்டில் இப்போது பேத்திதான் அதிகப் புள்ளி எடுக்கிறாள்!

"எங்கள் வீட்டில் இதெல்லாம் வாங்க முடியாதே, தாத்தா" என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நெய்ஸ்மித்திடம் இருந்தது என்ன? இரண்டு பழக்கூடை. அடி உடைந்த பிளாஸ்டிக் வாளி, பழைய பனையோலைக் கூடை, எதுவும் போதும். அடியை வெட்டிவிட்டு, பெரியவர் ஒருவரை உறுதியான சுவரில் மாட்டித் தரச் சொல்லுங்கள். லேசான ரப்பர் பந்தால் ஆடுங்கள். மின்கம்பத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று

பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 33 வருடம் பாடம் நடத்தியவன் நான். இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று தெரிந்தால், சொல்வது அப்பாவானாலும் தாத்தாவானாலும் வாத்தியாரானாலும், மரியாதையோடு வாய் திறந்து சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் இன்னொருமுறை சொல்லுங்கள். அதுவரை நீங்கள் தள்ளி நில்லுங்கள், தம்பி தங்கையையும் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். அது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் அப்பா அம்மாக்களே, தாத்தா பாட்டிகளே! உங்களுக்கும்தான் சொல்கிறேன். பிள்ளை தாளைப் படித்துச் சொன்னால் காது கொடுங்கள். "ஒரே ஒரு பந்து" என்று கெஞ்சினால் மனம் இளகத்தான் செய்யும். விபத்துக்கும் ஒரே ஒரு பந்து போதும்.

எங்கள் கம்பத்தில் பேத்தி ஓர் அட்டை கட்டி வைத்திருக்கிறாள். ஸ்கெட்ச் பேனாவில் அவள் எழுதியிருப்பது: "முதலில் மணல், பிறகு பந்து. தாத்தாவுக்கும் இது பொருந்தும்!"

என்ன குழந்தைகளே, உங்கள் வீட்டில் கம்பம் இருந்தால் இன்று மாலையே அடிப்பெட்டியைத் தட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா?

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா